முதல் பிராங்ஹார்ன் வேட்டை: எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

கேள்வி: ஐயா, டென்வரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு வந்தது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். வரும் அக்டோபரில், வயோமிங்கில் காஸ்பருக்குத் தெற்கே ஒரு பெட்டைப் பிராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) சுடுவதற்கான உரிமம் குலுக்கலில் விழுந்திருக்கிறது. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியால் நூறு தோட்டா சுட்டிருப்பேன். என் அனுபவம் அவ்வளவுதான். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார். வெட்டவெளி என்பதால் 500 கஜத்துக்குக் குறைவாகச் சுட வாய்ப்பே வராதாம். அலுவலக நண்பர் தன்னுடைய .243 ரைஃபிளை இரவல் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் 6.5 கிரீட்மோர் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். நான் ஐந்தடி ஐந்தங்குலம், இடதுகைப் பழக்கம். துப்பாக்கி, ஸ்கோப், தோட்டா எல்லாம் 1,500 டாலருக்குள் முடிய வேண்டும். சுட்டதை வீட்டில் சமைத்துச் சாப்பிடுவோம். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கறி ஆட்டுக்கறி போல இருக்குமா என்று மனைவி கேட்கச் சொன்னார்.

பதில்:

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று துப்பாக்கிகளின் பெயர், அதாவது அவை சுடும் தோட்டா வகையின் பெயர், இருக்கிறது. அவை எதையும் நான் அடிக்கோடிடவில்லை. ‘ஐந்தடி ஐந்தங்குலம், இடதுகைப் பழக்கம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதன்கீழ்தான் பென்சிலால் கோடு போட்டேன். காஸ்பரில் துப்பாக்கிப் பட்டறை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மான் தப்பிவிட்டது, காயத்தோடு ஓடிவிட்டது என்று வருத்தத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்து விசாரித்தால், தோட்டா சிறியதாக இருந்ததுதான் காரணம் என்று சொல்லும்படி ஒன்றிரண்டுகூடத் தேறாது. துப்பாக்கி தோளில் சரியாக உட்கார்ந்திருக்காது. அல்லது சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதைக்குப் பயந்திருப்பார். அல்லது தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டிருப்பார், காற்றை மறந்திருப்பார்.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்திருந்தால் பிராங்ஹார்னைப் பார்த்ததும் அந்த நினைவுதான் வரும். அதே வெட்டவெளி, அதே மிரட்சி, அதே ஓட்டம். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஊரில் எல்லாரும் ‘ஆன்டிலோப்’ என்று சொன்னாலும் இது அந்த இனமே அல்ல. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்தான். மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும். வேலியைத் தாண்டத் தயங்கும். குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து போகும். வளர்ந்த பெட்டை 40 முதல் 48 கிலோ இருக்கும், நம் ஊரில் ஒரு நல்ல வெள்ளாட்டுக் கிடா அளவு. தோல் மெல்லியது, விலா எலும்பும் மெல்லியது. இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு எட்டு அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு அளவு.

இப்படிப்பட்ட மிருகத்தை வீழ்த்த யானைத் துப்பாக்கி வேண்டாம். வயோமிங் விதிப்படியே 60 கிரெயினுக்கு (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குறையாத, தைத்ததும் விரிகிற குண்டு பொருத்திய .22 நடுவெடித் தோட்டா, அதாவது அடிப்பகுதியின் நடுவில் வெடிமுனை உள்ள தோட்டா, போதும் (.22 ஹார்னெட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை). அந்த அடிமட்டத்தில் நின்று நீங்கள் சுடக் கூடாது. சட்டம் அனுமதிப்பது வேறு, முதல்முறை போகிறவருக்கு ஏற்றது வேறு. ஆனால் அதற்குச் சற்று மேலே போனதும் தேர்வு முடிந்துவிடுகிறது. 1955-இல் வந்த .243 வின்செஸ்டர், 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர், .25-06 ரெமிங்டன், நூறு ஆண்டைத் தொட்டுவிட்ட .270 வின்செஸ்டர், .308 — எதை எடுத்தாலும் நல்ல இடத்தில் பட்டால் பிராங்ஹார்ன் விழும். எதனால் அடித்தார்கள் என்று அதற்குத் தெரியப்போவதில்லை.

அப்படியானால் கடைக்காரர் ஏன் .300 மேக்னம் என்கிறார்? விற்கிறவர் மனத்தில் தூரம் மட்டும் இருக்கிறது. என் மனத்தில் உங்கள் தோள் இருக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு ரைஃபிள்களை வைத்துப் பார்த்தால், 6.5 கிரீட்மோர் உதைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு .300 வின்செஸ்டர் மேக்னம் உதைக்கும். வலி பெரிதில்லை. நாலைந்து முறை உதை வாங்கிய உடம்பு, அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு ஒரு கண நேரம் முன்பே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் தாழும். சுடுகிறவருக்கே இது தெரியாது.

சென்ற கோடையில் ஒருவர் புத்தம் புதிய .300 மேக்னத்தோடு பட்டறைக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், மாட்டுப்பண்ணையில் வளர்ந்த உடம்பு. ஸ்கோப் கெட்டுவிட்டது, குண்டு எங்கெங்கோ போகிறது என்றார். சுடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டாவை நான்தான் போடுவேன், நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே பயிற்சிக்கான சிவப்பு பிளாஸ்டிக் பொய்த் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். குறிபார்த்தார், மூச்சை விட்டார், அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல்முனை நான்கு விரல் அளவுக்குத் தரையை நோக்கிச் சாய்ந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. ஸ்கோப் நன்றாகத்தான் இருந்தது. அந்த ரைஃபிளை விற்றுவிட்டு .270 வாங்கிக்கொண்டார். நூறு தோட்டா அனுபவத்தோடு மேக்னத்தில் தொடங்கினால் உங்களுக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைத் துடைத்தெடுக்க ஆண்டுகள் ஆகும்.

அடுத்து அந்த 500 கஜக் கதை. வயோமிங்கைக் காரில் கடந்து போகிறவர்களுக்கு நிலம் சப்பாத்திப் பலகைபோலத் தெரியும். இறங்கி நடந்தால்தான் ஓடைப் பள்ளங்களும் மடிப்புகளும் முழங்கால் உயரச் சேஜ்பிரஷ் புதர்களும் தெரியவரும். பிராங்ஹார்னின் கண் பெரியது. அசைவை வெகு தொலைவிலேயே கண்டுபிடித்துவிடும். மேட்டு விளிம்பில் நிமிர்ந்து நின்றால் ஆட்டம் முடிந்தது. பள்ளத்துக்குள் இறங்கி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, கடைசி நூறு கஜத்தைத் தவழ்ந்து கடந்தால் 200 கஜத்துக்குள் வந்துவிடலாம். என் வகுப்பில் படித்துவிட்டு முதல் பிராங்ஹார்னைச் சுட்டவர்களில் பெரும்பாலோர் 250 கஜத்துக்குள்தான் சுட்டிருக்கிறார்கள். வண்டியை விட்டு இறங்க மனமில்லாதவருக்குத்தான் 500 கஜ ரைஃபிள் வேண்டும். வண்டியிலிருந்தும், பொதுச்சாலையில் நின்றும், சாலைக்குக் குறுக்கேயும் சுடுவது வயோமிங்கில் குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தூரத்தைவிடப் பெரிய விஷயம் காற்று. காஸ்பரில் காற்று அடித்தால் யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால்தான் என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். மணிக்கு 20 மைல் என்பது இங்கே சாதாரண நாள். 6.5 கிரீட்மோரில் 120 கிரெயின் செப்புக் குண்டை வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய வினாடிக்கு 2,900 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். பக்கவாட்டில் 20 மைல் காற்று அடித்தால் 200 கஜத்தில் அந்தக் குண்டு ஐந்து அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகும். 300 கஜத்தில் ஓரடி. இலக்கு எட்டு அங்குலம், அதாவது நடுவிலிருந்து இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். ஈர்ப்பினால் விழும் அளவு கணக்கில் அடங்கும்: 200 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால் 100-இல் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலே, 300-இல் ஏழு அங்குலம் கீழே, 400-இல் இருபது அங்குலத்துக்கு மேல் கீழே. தூரம் தெரிந்தால் இதைச் சமாளித்துவிடலாம். காற்றோ உங்களிடம் ஒரு வேகம், பள்ளத்தில் ஒரு வேகம், மான் நிற்கும் மேட்டில் இன்னொரு வேகம்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. இங்கே வந்த மூன்றாம் ஆண்டு, ஷெர்லி பேசினில் ஒரு மதியம். கையில் .270, 310 கஜம், இடப்பக்கக் காற்று. மூன்று வாரம் சுடுதளத்தில் மேசைமேல் சாய்ந்து சுட்டுச் சுட்டு எனக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. காற்றுக்கு ஒரு கை அகலம் ஒதுக்கினேன். பட்ட சத்தம் கேட்டது. ஆனால் ‘டப்’ என்று விலாவில் படும் சத்தமில்லை. தண்ணீர் நிறைந்த தோல்பையில் அடித்ததுபோல ஒரு சத்தம். வயிற்றில் பட்டிருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. சேஜ்பிரஷ் இலைகளில் பச்சை கலந்த இரத்தத்தைத் தேடித் தேடி மூன்றரை மணி நேரம் பின்தொடர்ந்தேன். வேலிக்கு அடியில் படுத்திருந்ததைக் கண்டுபிடித்து இரண்டாவது முறை சுட்டபோது வெளிச்சம் போகும் நேரம். அந்தக் கறியில் பாதியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 250 கஜத்தைத் தாண்டிக் காற்றில் நான் சுட்டதில்லை. வருகிற ஆண்டும் சுடமாட்டேன்.

இனி உங்கள் துப்பாக்கி. நண்பரின் .243 நல்ல தோட்டாதான். நூறு கிரெயின் குண்டோடு அது பிராங்ஹார்னுக்குத் தாராளமாகப் போதும், உதையும் குறைவு. ஆனால் அதன் போல்ட் (தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் கைப்பிடி) பெரும்பாலும் வலதுகைக்காரருக்கானதாகத்தான் இருக்கும். இடத்தோளில் வைத்துச் சுட்டால், அடுத்த தோட்டாவை ஏற்ற நீங்கள் துப்பாக்கிக்கு மேலாகக் கையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், அல்லது தோளிலிருந்து இறக்க வேண்டும். முதல் குண்டு தப்பாகப் பட்டு, இரண்டாவது உடனே தேவைப்படும் அந்த மூன்று வினாடியில் இது பெரிய தொல்லை. இன்னொன்றும் உண்டு. உங்களுக்குத் தேவை மூன்று மாதப் பயிற்சி. கொலராடோவில் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் 72 மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதென்றால், சில விதிவிலக்குகள் போக, உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். வார இறுதியில் வாங்கித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கும் துப்பாக்கியோடு உடம்பு பழகாது. நண்பரிடம் ரைஃபிளுக்குப் பதிலாகப் பைனாகுலரையும் லேசர் தூரமானியையும் இரவல் கேளுங்கள். வெட்டவெளியில் கண்ணால் தூரம் மதிப்பிட்டால் எல்லாரும் ஏமாறுவார்கள், நான் உட்பட.

ஆகவே இடதுகை போல்ட் உள்ள 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். கிரீட்மோர் பக்தரான உங்கள் மூன்றாவது நண்பர் இதைப் படித்து மகிழ வேண்டாம். நான் அதைச் சொல்வதற்குக் காரணம் மந்திர சக்தி எதுவும் இல்லை. உதை குறைவு, தோட்டா எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், இடதுகை ரைஃபிள்கள் அதில் எளிதாக அகப்படும். இடதுகை .243 நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு குறையும் இல்லை. சாவேஜ், ரூகர், டிக்கா மூன்று நிறுவனங்களும் இடதுகை ரைஃபிள்கள் செய்கின்றன. முதல் இரண்டில் விலை குறைவான வகைகள் உண்டு. டிக்காவின் போல்ட் வெண்ணெய்போல ஓடும், அதற்கேற்ற விலையும் உண்டு. கடையில் சுடாமலேயே ஒரு சோதனை செய்யலாம். துப்பாக்கியின் பின்கட்டை முழங்கை மடிப்பில் படும்படி வைத்து, முன்கையை நேராக நிமிர்த்துங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு விசையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கட்டை உங்களுக்கு நீளம். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் குறைத்துக் கொடுக்கும் வேலை எந்தப் பட்டறையிலும் நடக்கும். கட்டைக்கும் ரப்பர் மெத்தைக்கும் நடுவே வைக்கும் பட்டைகளை எடுத்தும் போட்டும் நீளத்தை மாற்றிக்கொள்ளும்படி சில வகைகள் ஏற்கெனவே வருகின்றன. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுடையதல்ல. குழல்முனையில் உதையைக் குறைக்கும் துளைக்குழாய் மாட்டச் சொல்வார்கள், வேண்டாம். உதை குறையும், காது போய்விடும்.

1,500 டாலரில் ரைஃபிளுக்கு 700-ஐத் தாண்டாதீர்கள். ஸ்கோப்புக்கு 300 முதல் 350. மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும் சாதாரண ஸ்கோப் போதும். 25 மடங்கு வாங்கினால், ஓடி நின்ற மான் கூட்டத்தில் எது எது என்று தெரியாமல் ஒரு விலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மிச்சமெல்லாம் தோட்டாவுக்கும், உட்கார்ந்து சுட ஒரு முக்காலித் தாங்கிக்கும். படுத்துச் சுடும் குட்டைத் தாங்கி சேஜ்பிரஷுக்கு மேல் எட்டாது.

ஒரு சொல் விளக்கம்: நம்மில் பலர் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, மருந்து, வெடிமுனை, குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போய்ப் படுவது குண்டு மட்டும். பெட்டியின்மேல் போட்டிருக்கும் கிரெயின் கணக்கு அந்தக் குண்டின் எடை. நீங்கள் யோசித்து எடுக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள் என்று எழுதியதால் உங்களுக்கு என் பதில் ஒன்றே: செப்புக் குண்டு. ஈயக் குண்டு வேகமாக விலாவில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் எக்ஸ்ரேயில் அவை தெரியும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஈயம் அதிகத் தீங்கு செய்யும். குடலைப் போட்டுவிட்டு வரும் இடத்தில் கழுகுகள் தின்று நஞ்சேறிச் சாவதும் இதனால்தான். முழுச் செப்புக் குண்டு சிதறாமல் பூப்போல விரிந்து, பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வேகம் குறைந்தால் சரியாக விரியாது. அதனால் செப்பில் கனமான குண்டைத் தேடாதீர்கள்; 6.5-இல் 120 கிரெயின் சரியான எடை. நீங்கள் சுடப்போகும் தூரத்தில் அதற்கு வேகம் மிச்சமிருக்கும். .243 என்றால் 80 அல்லது 85 கிரெயின். பயிற்சிக்கு விலை மலிந்த தோட்டா வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கடைசி இரண்டு வாரம் வேட்டைத் தோட்டாவில்தான் சுட வேண்டும். குண்டு மாறினால் படும் இடமும் மாறும். ஒரே உற்பத்தி எண் போட்ட மூன்று பெட்டிகளாக வாங்கிவிடுங்கள்.

டென்வரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, காஸ்பர் ஏறக்குறைய 5,150. இரண்டு ஊரிலும் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே சரிசெய்த குறி இங்கேயும் நிற்கும். கடல்மட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை. ஆனாலும் காரில் குலுங்கி வந்த துப்பாக்கியை நம்பாமல், வேட்டைக்கு முந்தின நாள் இங்கே இரண்டு தோட்டா சுட்டுப் பாருங்கள்.

மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவது துப்பாக்கியைச் சோதிக்கும், உங்களைச் சோதிக்காது. குறி சரியானதும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கி, ஓரத்தைச் சுற்றி அரை அங்குல அகலத்துக்குக் கறுப்பு மை அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள வெள்ளை எட்டு அங்குலம். நூறு கஜத்தில் மாட்டி, நின்ற இடத்திலிருந்து உட்கார்ந்து, தாங்கியில் வைத்து, பத்து வினாடிக்குள் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் வெள்ளையில் பட்டால் 150-க்குப் போங்கள். பிறகு 200. எந்தத் தூரத்தில் ஐந்தில் ஒன்று தப்புகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் இந்த ஆண்டு உங்கள் எல்லை. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேட்டையில் மான் முன்னால் நிற்கும்போது மனம் பேரம் பேசும். தாள் பேரம் பேசாது. காற்றடிக்கும் நாளைத் தேர்ந்தெடுத்துப் போய்ப் பயிற்சி செய்யுங்கள். ஒருமுறை போனால் இருபது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். வீட்டில் காலித் துப்பாக்கியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, தோட்டாவெல்லாம் வேறு அறையில் இருக்க, தினம் பத்து முறை விசையை அழுத்திப் பழகுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறாள்.

தவழ்வதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அப்போது தரையில் சப்பாத்திக்கள்ளி முள் குத்தும். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்த மண் இந்த அமெரிக்கக் கண்டம்தான். இங்கேயுள்ள வகை தரையோடு தரையாகப் படர்ந்து, புல்லுக்குள் மறைந்து கிடக்கும். முழங்கால் உறை, தோல் கையுறை, கூடவே ஒரு முள்வாங்கி கட்டாயம். முதல் ஆண்டு நான் முள்வாங்கி இல்லாமல் போய்த் துப்பாக்கிப் பெட்டியின் திருப்புளியால் முழங்கையில் முள் எடுத்தேன்.

உங்கள் உரிமம் பெட்டைக்கும் குட்டிக்கும் மட்டுமானது. பெட்டைக்கும் கொம்பு உண்டு என்பதால் கொம்பைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஆணுக்குத் தாடைக்குக் கீழே கன்னத்தில் கறுப்புத் திட்டு இருக்கும், பெட்டைக்கு இராது. அதைப் பைனாகுலரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். இவை கூட்டமாக நிற்கும். செப்புக் குண்டு ஊடுருவிப் போகும் என்று சொன்னேன். பின்னால் இன்னொன்று நின்றால் ஒரு தோட்டாவில் இரண்டு விழும், உங்களிடம் உரிமம் ஒன்றுதான். தனியாக விலகும்வரை காத்திருங்கள். பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. ஓடுவதைச் சுடாதீர்கள். மிரண்டு ஓடிய பிராங்ஹார்ன் பல சமயம் சிறிது தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். அந்தப் பழக்கம் உங்களுக்குச் சாதகம். மேலே ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஒளிர்நிற உடை ஒன்றாவது கட்டாயம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கு மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. சுடுதளத்துக்கு விளையாட்டாகப் போவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இதில் சறுக்கினால் போவது விசா.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. ஆட்டுக்கறிக்கு நெருக்கமாக இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு, நார் மென்மை. மூச்சடைக்கும் வாடை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது மானின் குற்றமில்லை, சுட்டவரின் குற்றம். அந்த உரோமம் உள்ளே வெற்றிடமுள்ளது, கம்பளிபோலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபர் மதிய வெயிலில் தோலோடு வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினால் கறி உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். விழுந்ததும் உரிமச்சீட்டில் தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு மானின் உடலில் கட்டுங்கள். உடனே குடலை எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் தோலை உரித்துவிடுங்கள். பெட்டை என்பதற்கான அடையாளத்தை மட்டும் உடலோடு விட்டுவையுங்கள். உரோமம் தொட்ட கத்தியைத் துடைக்காமல் கறியில் வைக்காதீர்கள். புறப்படும்போதே பெரிய ஐஸ் பெட்டியில் நாற்பது பவுண்டு ஐஸ் இருக்கட்டும். கறியை அதில் வைத்து, உருகும் தண்ணீரை வடித்துக்கொண்டே டென்வர் போய்ச் சேருங்கள். இரண்டு நாள் குளிரில் வைத்த பிறகு முன்னங்கால் கறியைக் குழம்புக்கும், பின்தொடையை மிளகு வறுவலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதுகுத் தசை இரண்டு நீளத் துண்டு வரும். அதைக் குழம்பில் போட்டு வீணாக்காமல், இரும்புச் சட்டியில் நெய் விட்டு, உப்பும் மிளகும் மட்டும் போட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் வாட்டித் தரச் சொல்லுங்கள்.